லாண்டிரி வீட்டுக் குழாயில் பழைய ஏரி

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலிக்காரர்கள் மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டீர்களா? சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? வெயில் இந்த வருடம் கொஞ்சம் அதிகம்தான், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தண்ணீர் என்று வாயில் வந்துவிட்டது. இனி அந்தக் கதையைச் சொல்லாமல் எனக்கு வேறு வேலை ஓடாது.

லாண்டிரிக்காரர் வீட்டுச் சமையலறைக் குழாயில் முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தண்ணீர் வர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு. அதே தெருவில் மற்ற இருபத்திரண்டு வீடுகளிலும் அன்றன்றைக்கு உள்ள தண்ணீர்தான் வந்தது. லாண்டிரிக்காரரின் மனைவி பாத்திரம் தேய்க்கச் சோப்பைத் தொட்டாள். நுரை எழும்பி முழங்கை வரை ஏறியது. "என்னங்க, சோப்பு பொங்குதுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். நுரை தொட்டியை நிரப்பி, கூடத்தைக் கடந்து, வாசற்படி மூன்றையும் நிதானமாக இறங்கி, தெருமுனைத் தபால்பெட்டி வரை போய் நின்றது. பத்து மணிக்கு வந்த தபால்காரர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்துப் போனார்.

அந்த ஊர்க்காரர்கள் நுரையைக் கண்ணால் பார்த்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. ஏரி வற்றி, ஊர் ஆழ்குழாய்த் தண்ணீருக்கு மாறிய பிறகு, சோப்பு திரிந்த பால் மாதிரி ஆகுமே தவிர நுரைக்காது. சுண்ணாம்பு உப்பு நிறைந்த, அப்படி ஒரு கடினமான தண்ணீர். கெட்டில்கள் வருடத்துக்கு ஒரு விரல்கடை உள்ளே சுருங்கின. பல் டாக்டர் வீட்டுக் கெட்டில் முழுக்கக் கல்லாகிவிட்டது, அவர் மனைவி அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். ஷவர்களுக்கெல்லாம் வெள்ளைத் தாடி வளர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைச் சுரண்டிச் சவரம் செய்துவிட வேண்டும். பெண்கள் தலைக்குக் குளித்து முடியை எந்தப் பக்கம் விட்டுக் காய வைத்தார்களோ அந்தப் பக்கமே அது நின்றுவிடும். கணக்கு வாத்தியார் ஒருவர் கொல்லைக் குழாயைச் சரியாக மூடாமல் மூன்று மாதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது குழாய்க்கும் தரைக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தூண் வளர்ந்திருந்தது. வாத்தியார் அதில் துணிக்கொடி கட்டிக்கொண்டார். வசதியாகத்தான் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

இந்தத் தண்ணீரை முப்பத்திரண்டு வருடமாகத் தினமும் பரிசோதித்து வந்தவள் தண்ணீர் வாரியத்து ஆய்வுக்கூடப் பெண்மணி. ஊரில் அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர். தண்ணீரின் கடினத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றால், குடுவையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஒரு பொடியைப் போடுவார்கள், தண்ணீர் கருஞ்சிவப்பாகும். பிறகு இன்னொரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வருவார்கள். எத்தனையாவது சொட்டில் சிவப்பு நீலமாகிறதோ, அவ்வளவு கடினம். வாழ்நாள் முழுக்கச் சொட்டு எண்ணியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சாப்பாட்டில் மோர் ஊற்றும்போதுகூட அவள் உதடு அசையும் என்பார் அவள் கணவர். அவர் அதே வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் குறித்தவர், ஓய்வு பெற்றுவிட்டார். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி.

ஏரி வற்றியதிலிருந்து ஊரில் எந்த வீட்டுத் தண்ணீரும் அறுபத்துநாலு சொட்டுக்கு முன்னால் நீலமானதில்லை. லாண்டிரி வீட்டுத் தண்ணீர் ஏழாவது சொட்டில் நீலமானது. திரவம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் புட்டி உடைத்தாள். ஏழு. தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தாள். அறுபத்துநாலு. பிறகு குடுவையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். அல்லித் தண்டை ஒடித்தால் ஒரு வாசனை வருமே, அது. இருபத்தாறு வருடமாக அந்த ஊரில் அல்லி கிடையாது.

வியாழக்கிழமை அந்தக் குழாயில் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வந்தது, வைக்கோல் துணுக்கு இரண்டு மிதந்தது. ஊரில் நாலு மாதமாக ஒரு தூறல் இல்லை. சொட்டக்கா பழைய பதிவேட்டு அறைக்குப் போய்த் தூசி தட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முப்பத்தொரு வருடம் முன்பு, அதே தேதியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள்: 'நேற்றுப் பெருமழை. கலங்கல் அதிகம். வைக்கோல் காணப்பட்டது.' அதற்கு இரண்டு நாள் தள்ளி இருந்த குறிப்பில் பாசி வாசம் என்று இருந்தது. சனிக்கிழமை பாசி வாசம் வந்தது. விஷயம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மேலதிகாரியிடம் சொன்னாள். இஞ்சினியர் ஆள் கூட்டி வந்து வீட்டுக்கு முன்னால் பள்ளம் தோண்டினார், குழாயைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், ஒரு வாய் குடித்தும் பார்த்தார். பள்ளத்தை மூடிவிட்டு, 'குழாய் நல்ல நிலையில் உள்ளது, தண்ணீர் பழையது' என்று அறிக்கை கொடுத்தார்.

பிறகு கேட்க வேண்டுமா? காலை ஆறரைக்கே லாண்டிரி வாசலில் குடம், வாளி, பிளாஸ்க் என்று வரிசை நின்றது. ஒரு வீட்டுக்கு ஒரு குடம் என்று லாண்டிரிக்காரரின் மனைவி சட்டம் போட்டாள். நாற்பது தாண்டியவர்கள் முதல் வாயை உடனே விழுங்காமல் வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள். இது எங்கள் கல்யாண வருடத்துத் தண்ணீர் என்று கணவனும் மனைவியும் ஒரே தம்ளரில் குடித்துவிட்டு, வழியெல்லாம் பழைய சண்டையைப் புதுசாகப் போட்டுக்கொண்டு போனார்கள். தையற்கடை அம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள், முடி பட்டுப்போல வழிந்தது. அவள் தெருவில் மூன்று தடவை தேவையில்லாமல் போய் வந்தாள். வாளியில் சில நாள் நகத்தளவு மீன்குஞ்சு வந்தது, அந்த ஜாதி மீனே இப்போது எங்கும் இல்லை. ஏரியின் படித்துறையைப் பற்றியும், வாடகைப் படகுகளைப் பற்றியும், நடு ஏரியில் தண்ணீர் எப்படிப் பச்சையிலிருந்து கறுப்பாகும் என்பதைப் பற்றியும் வரிசையில் நின்றவர்கள் பேசிய பேச்சில் காலை எட்டு மணிக்குள் தெரு முழுக்க ஈரக்காற்று அடித்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி நனைந்து போனதாக லாண்டிரிக்காரர் மட்டும் குறைப்பட்டார்.

சொட்டக்கா தினமும் வந்து சொட்டு எண்ணிவிட்டு, ஆபீசுக்குப் போய்ப் பழைய பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. தன் கையெழுத்தே தனக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு பக்கத்தைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து நாள் தள்ளி ஒரு தேதிக்கு எதிரே எண் எதுவும் இல்லை. கடினம், கலங்கல், குளோரின் மருந்து, மூன்று கட்டத்திலும் ஒரே சொல்: மேற்படி.

அந்த ஆய்வுக்கூடத்தில் அது ஒரு பழக்கம். ஏரித் தண்ணீர் ஒரு நாளில் என்ன மாறிவிடப் போகிறது என்று, வேலைக்கு மட்டம் போடுகிற நாளில் முந்தின நாள் கணக்கையே 'மேற்படி' என்று போட்டுவிடுவார்கள். எல்லோரும் செய்ததுதான், அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே தலைமை ஆய்வாளர்தான். அவள் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செய்தாள். அன்றைக்குக் காலை மீட்டர் குறிக்கும் இளைஞன் ஒருவன், "படகுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன், ஒண்ணு வீணாப் போகுது" என்று ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். அவள் முதல் நாளே 'மேற்படி' எழுதி வைத்திருந்தாள், ஏனென்றால் அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். அன்று முழுக்க நடு ஏரியில் இருந்தார்கள். துடுப்பு போடத் தெரியாமல் ஒரே இடத்தில் ஏழு தடவை சுற்றினார்கள். அப்படிச் சிரித்த நாள் அவள் ஆயுளில் வேறு இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் அந்தத் தெருவில் பதினோரு பேருக்கு வாந்தியும் பேதியும் வந்தது. பத்துப் பேர் பிழைத்தார்கள். பிழைக்காதவர் லாண்டிரிக்காரரின் அம்மா. விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். மருந்து சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறது, அதனால் தண்ணீரில் குற்றமில்லை, ஏதோ சாப்பாட்டுக் கோளாறு என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் சோதித்தபோது மருந்து சரியாகத்தானே இருந்தது, முந்தின நாளும் சரியாகத்தானே இருந்தது, நடுவில் ஒரு நாள் மட்டும் என்ன கெட்டுவிடும் என்று சொட்டக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் தினமும் சொன்னாள்.

அந்தத் தண்ணீர் இப்போது இன்னும் ஐந்து நாளில் வரப்போகிறது. இருபத்திரண்டு வீட்டுக் குடங்கள் அதற்காக வரிசையில் நிற்கும்.

அன்று சாயங்காலம் சொட்டக்கா லாண்டிரி வீட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது தெருவில் தர்பூசணி வண்டி போயிற்று. ஒன்று வாங்கிக்கொடுக்கட்டுமா என்று கேட்டாள். லாண்டிரிக்காரரின் மனைவி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தாத குறையாக இழுத்து உட்கார வைத்தாள். "மெதுவா பேசுங்கக்கா. இந்த வீட்டுக்குள்ள அது வராது. அத்தைக்கு ஒடம்பு சரியில்லாமப் போறதுக்கு முந்தின நாள் இவருதான் ரெண்டு கீத்து வாங்கிட்டு வந்து கொடுத்தாராம். ஈ மொய்ச்ச பழம்னு பார்த்துட்டே வாங்கினாராம், பத்தொம்போது வயசு, அவசரம். எங்க அம்மாவை நானே கொன்னுட்டேன்னு கல்யாணமான அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. இன்னிக்கும் அந்தச் செவப்பைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவாரு."

சொட்டக்கா ஈரக்காலோடு வீட்டுக்கு நடந்தாள். தன்மேல் ஒரு பழி இருக்கலாம் என்று பயந்திருக்கிறாளே தவிர, அதை இத்தனை வருடம் வேறொருவர் சுமந்துகொண்டிருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. அதுவும் தன்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு.

கணவரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"குழாய் ரிப்பேர்னு ஒரு போர்டு மாட்டிடு. ஒரு நாள்தானே. யாரும் குடிக்க மாட்டாங்க, விஷயமும் முடிஞ்சுது."

"போர்டு மாட்டினா தண்ணி நிக்கும். அந்தத் தம்பி மனசுல ஓடுறது நிக்குமா?"

"பழம்தானோ என்னமோ. உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. அதனாலதான் பார்க்கணும்கிறேன்."

"அப்போ அன்னைக்கு எங்க போயிருந்தேன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லுவேன்."

"அம்மாடி, துடுப்பு போடத் தெரியாம நான் முழிச்சதையெல்லாம் சொல்லிடாதே" என்றார் அவர். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வரவில்லை. "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்தத் தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் காலை லாண்டிரிக்காரர் மேஜையில் ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் போய் நின்றபடியே சொன்னாள். நாளைக்கு வருகிற தண்ணீரை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அது அந்த நாள் தண்ணீர் என்றாள்.

"அந்த நாள் தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு? ஆபீஸ்ல அப்படித்தானே எழுதிக் கொடுத்தாங்க?"

"எழுதினது நான்தான் தம்பி. பார்க்காம எழுதினேன்."

இஸ்திரிப்பெட்டி அதே சட்டையின் அதே கையில் நாலாவது தடவையாகப் போய் வந்தது.

"எங்க போயிருந்தீங்க?"

"படகுல."

"படகுலயா?"

"உங்க மாமாகூட."

அவர் சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "எத்தனை மணிக்கு வரும் அந்தத் தண்ணி?" என்று மட்டும் கேட்டார். எப்போதும்போல ஆறே முக்காலுக்கு என்றாள்.

மறுநாள் ஆறரைக்கு அவரே வாசலில் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். "ஏன், ஏரிக்கு லீவா?" என்று தையற்கடை அம்மாள் கேட்டாள். "ஆமா, லீவு" என்றார், முகத்தைப் பார்த்து அவள் அதற்குமேல் கேட்கவில்லை. தண்ணீர் வந்தது. பார்வைக்கு அவ்வளவு அழகான தண்ணீர், கண்ணாடி மாதிரி. ஏழாவது சொட்டில் நீலமானது. பிறகு சொட்டக்கா வேறொரு குழலில் தண்ணீர் எடுத்து, மருந்து பார்க்கிற சொட்டை விட்டாள். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். லாண்டிரிக்காரர், அவர் மனைவி, சொட்டக்கா மூவரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள் வரவில்லை. இன்னொரு தடவை செய்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"கெட்ட தண்ணியா?" என்றார் லாண்டிரிக்காரர்.

"மருந்து போடாத தண்ணி. கெட்டதான்னு இதுல பார்த்துத்தான் சொல்லணும்" என்று ஒரு குப்பியில் தண்ணீரை நிரப்பி மூடினாள். கிருமி இருந்தால் ஒரு நாளுக்குள் குப்பி கறுத்துவிடும், கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஆபீசுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டாள். அவர் கையை நீட்டி வாங்கி, இஸ்திரி மேஜைக்குமேல் அலமாரியில் வைத்தார். அன்று கடை திறக்கவில்லை. அவர் ஸ்டூலைப் போட்டுக் குப்பிக்கு எதிரே உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "நான் எழுந்து போற நேரத்துல மாறிடுச்சுன்னா?" என்றார். மனைவி தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை சொட்டக்கா வந்தபோது குப்பி மையாகக் கறுத்திருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லாண்டிரிக்காரர் எழுந்து நின்றார், ஐம்பது வயது மனிதர், குரல் மட்டும் சின்னதாக இருந்தது.

"அப்போ பழம் இல்லையாக்கா?"

"இல்ல தம்பி. பழம் இல்ல."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துட்டேன். இந்தத் தடவை பார்த்துட்டேன்."

அவர் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். அன்று மருந்து சரியாக இருந்த தண்ணீர். கழுவினார், கழுவினார், தொட்டி நிரம்பி வழிந்தது, மனைவி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே, "நீங்க போங்கக்கா" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் சொட்டக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் நேரே ஆபீசுக்குப் போய், பழைய பதிவேட்டில் 'மேற்படி' மூன்றையும் அடித்துவிட்டு எண்களை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டாள். நடந்ததை ஒரு கடிதமாக எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாள். முப்பத்தொரு வருடம் கழித்து ஒரு பதிவைத் திருத்த விதி உண்டா என்று அவர் இரண்டு நாள் தேடினார். இல்லை. ஆனால் அதே நாள் தண்ணீரைக்கொண்டு திருத்துவதைத் தடுக்கவும் விதி இல்லை என்பதால் முத்திரை குத்தினார். அதன் நகலை எடுத்துக்கொண்டு சொட்டக்காவும் கணவருமாக அன்று நோயில் விழுந்த பதினோரு பேர் வீட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். லாண்டிரிக்காரரின் மனைவி நகலை வாங்கி, மாமியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

லாண்டிரிக்காரர் அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. ஆனால் காலை ஆறே முக்காலுக்குக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் திறந்தே இருக்கும். அவள் வருவாள், எண்ணுவாள், எழுதுவாள், போவாள். இப்போதெல்லாம் அவள் மட்டம் போடுவதே கிடையாது. ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தபோது கணவர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். ஓய்வு பெறும் நாள் வந்தது, மாலை போட்டார்கள், மறுநாள் காலையும் அவள் குடுவையோடு வந்தாள். வேறு ஆளை அனுப்ப வாரியத்துக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது வருடம் ஒரு திங்கட்கிழமை. அவள் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ஏழு வரை எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஆஸ்பத்திரிப் போர்வை நாப்பது வந்திருக்குக்கா" என்றார் லாண்டிரிக்காரர், போர்வையைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு நனைக்கலாமா? தண்ணி எப்படி வரும்?"

அவள் பையிலிருந்து பழைய பதிவேட்டின் நகலை எடுத்து விரலால் தேடினாள். "நாளைக்கு வேணாம் தம்பி, பாசி. வியாழக்கிழமை நனைங்க. அன்னைக்கு நல்ல தெளிவு."

"மருந்து?"

"சரியா இருக்கு. நானே பார்த்தது."

அவர் தலையாட்டிவிட்டுப் போர்வைகளைத் திரும்ப மூட்டை கட்டினார். வியாழக்கிழமை நனைத்தார். நாற்பதும் அன்றே காய்ந்தன. ஏரி வற்றிய நாள் அந்தக் குழாய்க்கு வந்து சேர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரைக்கும் தெருக்காரர்கள் கனத்த துணியையெல்லாம் நனைப்பதற்கு முன்னால் சொட்டக்காவைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

கதை அவ்வளவுதான். உங்கள் ஊர்த் தண்ணீர் எத்தனை சொட்டு? உங்கள் வீட்டுக் குழாயில் என்றைக்காவது வேறொரு வருடத்துத் தண்ணீர் வந்திருக்கிறதா, வந்தபோது யாரைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள். எழுத்துப்பிழையெல்லாம் பார்க்க மாட்டேன்.